வணங்கி நின்ற புகைபோக்கி

போர் முற்ற முற்ற நமிஷிரோ ஊரில் ஒவ்வொரு பொருளாகக் காணாமல் போனது. முதலில் சர்க்கரை போனது, பின்னாலேயே எண்ணெய் போனது, அப்புறம் வெள்ளை அரிசி. காலுறைக் கடைக்காரர் தைக்கத் துணியே இல்லாமல் கடையைப் பூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். எது குறைந்தாலும் ஜப்பானில் சொல்லுக்கு மட்டும் குறை வந்துவிடக் கூடாது என்று மேலிடத்தில் யாரோ நினைத்திருக்க வேண்டும். பூட்டிக் கிடந்த அந்தக் கடையில் ஒருநாள் காலை புதுப் பெயர்ப்பலகை தொங்கியது: நற்சொல் அலுவலகம்.

அதை ஒட்டி இருந்தது தொமேகிச்சியின் வெந்நீர்க்கூடம். சாயங்காலம் ஆனால் ஊரில் பாதிப்பேர் தோளில் துண்டோடு வந்து குளித்துவிட்டுப் போகும் இடம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமான இருக்கையில் உட்கார்ந்து தொமேகிச்சி காசு வாங்குவார். அவர் மனைவி ஷிமா பின்பக்கம் அடுப்புக்கு விறகு தள்ளுவாள். இருவருக்கும் ஒரே மகள், ஃபூமி. இளம்பெண்கள் எல்லோரும் தேசத்துக்கு உழைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது மற்றவர்களின் மகள்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். ஃபூமியின் கையெழுத்து நன்றாக இருந்ததால் அவளை நற்சொல் அலுவலகத்தில் சுவரொட்டி எழுத உட்காரவைத்தார்கள்.

"குண்டு விழற ஃபேக்டரிக்கு அனுப்பாம பக்கத்து வீட்டுக்கே அனுப்புனாங்களே, நம்ம நல்ல காலம்" என்று ஷிமா பூரித்துப் போனாள். பூரித்தவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், மகள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கூரைக்கு மேலாகத் தங்கள் செங்கல் புகைபோக்கி ஓங்கி நிற்பதைக் கண்டிருப்பாள்.

அலுவலகத்தின் தலைவர் ஹிஷினுமா. அதற்கு முன்பு மகளிர் பள்ளியில் செய்யுள் சொல்லிக்கொடுத்தவர். செய்யுளில் யாருக்கும் எதுவும் புரியாவிட்டாலும் மாணவிகள் தலையாட்டினார்கள். அந்தப் பழக்கத்தில் ஊரும் தலையாட்டும் என்று அவர் நம்பினார், ஊரும் அவரை ஏமாற்றவில்லை. திறப்பு விழாவில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"மீன் கடையில ஒருத்தர், நம்ம ராணுவம் ஒரு தீவுலேர்ந்து பின்வாங்கிடுச்சுன்னு சொன்னதா என் காதுக்கு வந்துது. நான் கேக்கறேன், பின்பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே பின்வாங்க முடியும்? நம்ம ராணுவத்துக்கு எல்லாப் பக்கமும் முன்பக்கம்! அது வேறு திசையில் முன்னேறியிருக்கு. அதான் நடந்தது. இனிமே அப்படித்தான் சொல்லணும்."

"போற போக்கப் பாத்தா முன்னேறி முன்னேறி நம்ம ஊருக்கே வந்து சேந்துருவாங்க போலருக்கே" என்றார் பாய் முடையும் கான்ஸோ, மெதுவாக. மெதுவாகச் சொன்னாலும் ஹிஷினுமாவின் காதில் விழுந்துவிட்டது.

"சபாஷ்! இந்த உற்சாகம்தான் எல்லாருக்கும் வேணும்" என்றார் ஹிஷினுமா. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்கும் பசி எடுக்கவில்லை. வயிறு போர்க்கால எளிமையைக் கடைப்பிடித்தது. ரயில் தாமதமாக வரவில்லை, நிதானமாக வந்தது. படையில் ஒரு பிரிவு முழுவதும் மாண்டுபோனால் அது மணியாய்ச் சிதறியது. டோஃபு என்ற சோயாக்கட்டி விற்கும் ஓரியேயின் மகனும் அப்படித்தான் ஏதோ ஒரு தீவில் மணியாய்ச் சிதறியிருந்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மரப்பெட்டி வந்தது. ஓரியே அதைத் திறக்காமல் மாடத்தில் வைத்துவிட்டு மறுநாளும் டோஃபு விற்கப் போனாள். சிதறிய மணியைத் திரும்பக் கோத்து அனுப்புவார்களா என்று யாரிடமாவது கேட்க அவளுக்கு ஆசை. கேட்கலாமா, அது நற்சொல்லா என்று தெரியாததால் கேட்கவில்லை.

மார்ச் மாதம் இரும்பு திரட்ட வந்தார்கள். கோயில் மணி போனது, பள்ளிக்கூடத்து ஊஞ்சல் சங்கிலி போனது, கடைசியில் புகைபோக்கியை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளின் மேல் ஹிஷினுமாவின் கண் விழுந்தது.

"ஐயா, அந்தப் பட்டைங்கதான் செங்கல்ல அசையாமப் புடிச்சிட்டு நிக்குது" என்றார் தொமேகிச்சி.

"செங்கலுக்கே இரும்பு வேணும்னா, போர்க்கப்பலுக்கு எவ்வளவு வேணும்னு யோசிச்சுப் பாருமய்யா. ஜப்பானியச் செங்கல் மன உறுதியில நிக்கும்."

பட்டைகளைச் சும்மா கழற்றிக்கொண்டு போகவில்லை. போர்முனைக்குப் போகும் வீரர்களுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பட்டைக்கும் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். பெண்கள் சங்கம் கொடி அசைத்தது. ஒரு பட்டையைத் தொமேகிச்சியே கட்டியணைத்து வழியனுப்ப வேண்டும் என்றார்கள். அவரும் துருப்பிடித்த பட்டையைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "உடம்பப் பாத்துக்கோ" என்றார். ஊரே மூன்று தடவை வாழ்க சொன்னது. பட்டைகள் கைவண்டியில் ஏறிப் போர்முனைக்குப் போயின. ரயில் நிலையத்துக் கிடங்கின் பின்னால் புல்லில் கிடந்து அவை துருப்பிடித்ததைப் பின்னால் கான்ஸோ பார்த்தார் என்பது வேறு விஷயம்.

ஒரு வாரத்தில் புகைபோக்கி சாயத் தொடங்கியது. முதலில் ஷிமாதான் பார்த்தாள். துணி உலர்த்தும் மூங்கிலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மறு கண்ணை மூடினாள். மூங்கில் நேராக இருந்தது, புகைபோக்கி அப்படி இல்லை.

"என்னங்க, இது அலுவலகத்துப் பக்கம் சாயுதுங்க. நம்ம பொண்ணு தலைக்கு நேரா!"

தொமேகிச்சி ஈரக் கையைத் துடைக்காமல் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினார். அலுவலகத்தில் ஃபூமி ஓரத்தில் உட்கார்ந்து பெரிய தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தாள். ஹிஷினுமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குத் தேயிலை கிடையாது, முந்தின வருடத்து வாசனை மட்டும்தான்.

"ஐயா, புகைபோக்கி சாயுது! சீக்கிரமே விழுந்துரும். பட்டையத் திருப்பிக் குடுங்க, இல்லேன்னா பிரிச்சு இறக்க ஆள் குடுங்க."

ஹிஷினுமா காதைப் பொத்திக்கொண்டார். "ஒரே மூச்சுல எத்தன அமங்கலம்! சாயுது, விழும், திருப்பிக் குடு! அதுவும் நற்சொல் அலுவலகத்துக்குள்ள நின்னுட்டு! உம்ம வாயால அதக் கேட்டா தேசமே சாயற மாதிரி இருக்கே!"

"தேசத்தச் சொல்லலீங்க, என் புகைபோக்கியச் சொல்றேன்."

"ரெண்டும் நிமிர்ந்து நிக்கறதுதானே? ஃபூமி, உங்கப்பாவுக்கு ஒழுங்கா ஒரு வாக்கியம் எழுதிக் குடும்மா. நான் சொல்றேன்." கண்ணை மூடினார். பழைய செய்யுள் ஆசிரியர் உள்ளே விழித்துக்கொண்டார். "புகைபோக்கியின் நிலைமை நன்மையான திசையிலேயே திரும்பியிருப்பதாக அவசியம் சொல்லிவிட முடியாது."

"அப்படின்னா விழப்போவுதுன்னுதானே அர்த்தம்?"

"அப்படி ஒரு அர்த்தம் இருந்தா நான் எழுதுவேனா?" என்றார் ஹிஷினுமா, உண்மையாகவே மனம் நொந்து.

இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு தொமேகிச்சி ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவரிடம் போனார். ஆள் அனுப்பிப் பிரித்து இறக்க அவரால்தான் முடியும். தொமேகிச்சி கைகளைத் தொடையில் ஒட்டி, குனிந்து, வார்த்தை தவறாமல் ஒப்பித்தார். தலைவர் மிகக் கவனமாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம், வாழ்த்துக்கள்" என்றார் தலைவர். "நம்ம தண்ணிக்குழாயப் பத்தியும் யாராவது இப்படி நாலு நல்ல வார்த்த சொன்னா தேவலை."

தொமேகிச்சி வாயைத் திறந்தார், பின்னால் நற்சொல் அலுவலகத்துப் பியூன் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். அமங்கலம் பேசியவர்களைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் நற்சொல் படிக்க வைப்பதுண்டு. அவர் உள்ளே போய்விட்டால் ஷிமா ஒருத்தி என்ன செய்வாள்? தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தொமேகிச்சி வாழ்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து முடிந்த நேரத்தில் புகைபோக்கி எவர் கண்ணுக்கும் தெரியும்படி வளைந்துவிட்டது. இனி அதைப் பற்றி ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடி அலுவலகத்துக்கு வந்தது. ஹிஷினுமா ஒரு பகல் முழுவதும் யோசித்தார். மாலையில் ஃபூமி எழுதிய சுவரொட்டி தெருமுனையில் ஒட்டப்பட்டது. வெந்நீர்க்கூடத்துப் புகைபோக்கி அரசாங்க அலுவலகத்தை நோக்கி வணங்கி நிற்கிறது என்றும், செங்கலுக்கு இருக்கும் பணிவு மனிதருக்கு வேண்டாமா என்றும், தெருவில் போவோர் வருவோர் பதில் வணக்கம் செலுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மறுநாளிலிருந்து தெருவே குனிந்தது. டோஃபு வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்த ஓரியேயின் டோஃபு பாதி தரையில் போனது. பக்கத்து ஊரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். மாவட்டத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருதெல்லாம் இன்னும் விறைச்சுக்கிட்டு நிக்குது" என்று வருத்தப்பட்டார். புகைபோக்கியின் வணக்கம் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனது. ஒரு பகலில் உச்சியிலிருந்து ஒரு செங்கல் கழன்று, கூரை ஓட்டைத் துளைத்து, ஹிஷினுமாவின் தேநீர்க் கோப்பையில் இறங்கியது. அலுவலகம் அதைத் தன்னார்வச் செங்கல் என்று ஏற்றுக்கொண்டது.

அன்று தொமேகிச்சி ஹிஷினுமாவின் காலிலேயே விழுந்துவிட்டார். "ஐயா, புகைபோக்கி எப்படியோ போவட்டும். என் பொண்ண மட்டும் வீட்டுக்கு அனுப்பிருங்க. அவ சுவரொட்டிய என் வீட்டுல உக்காந்து எழுதட்டும்."

"பணி இடத்த விட்டுப் போறதுக்கு என்ன பேருன்னு உமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், ஆனா அது நற்சொல் இல்ல, அதனால சொல்ல மாட்டேன். ஒரு அலுவலகம் இருந்த இடத்துலேர்ந்து ஒரு அடி பின்னால வைக்காது. கடைசி ஓடு இருக்கற வரைக்கும் நாங்க இங்கதான்."

தொமேகிச்சி வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தட்டில் வள்ளிக்கிழங்கின் தண்டு இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார். ஷிமாவும் அழுதாள். ஃபூமி மட்டும் அழவில்லை. நாள் முழுக்க அந்த வார்த்தைகளை எழுதி எழுதி அவளுக்கு அவற்றின் குணம் தெரிந்துபோயிருந்தது.

"அப்பா, நீங்க அவரப் பின்னால போகச் சொல்றீங்க. அவர் எப்படிப் போவாரு? முன்னேறச் சொல்லுங்க."

"எங்கடி முன்னேற?"

"பிள்ளைங்கள ஃபேக்டரிக்கு அனுப்புனதுலேர்ந்து மலைமேல பள்ளிக்கூடம் காலியாத்தானே கெடக்கு? அதுவும் உயரத்துல இருக்கு."

ஷிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வயித்துல பொறந்தவளா நீ? இந்த வேலைக்குப் போயி கெட்டுப்போயிட்டடி" என்றாள், பெருமையோடு.

காலையில் தொமேகிச்சி நல்ல உடையாக உடுத்திக்கொண்டு போனார். வாயிலில் நின்று புகைபோக்கிக்கு ஒரு வணக்கம், ஹிஷினுமாவுக்கு ஒரு வணக்கம்.

"ஐயா, இத்தனை பெரிய அலுவலகம் ஒரு காலுறைக் கடையில ஒடுங்கிக் கெடக்கறதப் பாத்தா மனசு கேக்கல. இது வேறு திசையில் முன்னேற வேணாமா? மலைமேல பள்ளிக்கூடம் காலியா இருக்கு. அங்கேர்ந்து பேசினா நற்சொல்லு நாலு ஊருக்குக் கேக்குமே."

ஹிஷினுமாவின் கண் கலங்கிவிட்டது. தொமேகிச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒரு சாதாரணக் குடிமகன் வாயிலேர்ந்து இப்படி ஒரு தொலைநோக்கு! இன்னிக்கே முன்னேறறோம்!"

முன்னேற்றம் மதியத்துக்குள் கிளம்பியது. முன்னால் கொடி, அதன் பின்னால் ஹிஷினுமா, அவருக்குப் பின்னால் மேசைகளையும் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு பியூனும் கான்ஸோவும் ஊர்க்காரர்களும். தூரிகைக் கட்டைச் சுமந்துகொண்டு ஃபூமி. பெண்கள் சங்கம் பாடியது. காலுறைக் கடையை விட்டு இவ்வளவு வீரமாக யாரும் வெளியேறியிருக்க மாட்டார்கள். மகள் அந்தக் கூரைக்குக் கீழிருந்து வெளியே வந்து வெயிலில் நடப்பதைத் தொமேகிச்சி கண்ணாரப் பார்த்தார். புகைபோக்கிக்குக் கடைசியாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஊர்வலத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

தெருமுனை திரும்பியதும் ஹிஷினுமா தலையைத் தடவினார்.

"என் தொப்பி! மேசை மேல வச்சேன். தொப்பி இல்லாம எப்படி முன்னேறறது? ஃபூமி, ஓடிப்போய் எடுத்துட்டு வாம்மா."

ஃபூமி தூரிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். சொன்னால் செய்யும் பெண். கூட்டத்தின் பாட்டுச் சத்தத்தில் தொமேகிச்சிக்கு ஹிஷினுமா சொன்னது கேட்கவில்லை. மகள் தன்னைக் கடந்து திரும்ப ஓடுவதைத்தான் பார்த்தார். அவள் வாசலில் நுழைகிறாள். மேலே செங்கல்களுக்கு நடுவிலிருந்து பொடி கொட்டுகிறது.

அந்த நேரத்தில் தொமேகிச்சிக்கு ஒரு நற்சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"விழுதுடீ! செத்துருவே! வெளியே ஓடி வா!"

அவர் குரல் பெண்கள் சங்கத்தின் பாட்டை நடுவில் அறுத்தது. ஃபூமி தொப்பியை மறந்து பாய்ந்து வெளியே வந்தாள். தொமேகிச்சி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாக்கடையில் உருண்டார். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தைப் பற்றிச் சொல்ல அலுவலகத்திடம் எந்தச் சொல்லும் இல்லை. புழுதி அடங்கியபோது காலுறைக் கடை இருந்த இடத்தில் செங்கல் குவியல் இருந்தது. குவியலின் மேல் பெயர்ப்பலகை மட்டும் சேதமில்லாமல் கிடந்தது.

ஃபூமி தலையெல்லாம் சேறோடு உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள். ஷிமா ஓடிவந்து மகளையும் புருஷனையும் மாற்றி மாற்றி அடித்தாள். உயிரோடு இருப்பவர்களைத்தானே அடிக்க முடியும்?

ஹிஷினுமா மெதுவாக நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தொமேகிச்சி" என்றார், "நீர் பொது இடத்துல மூணு அமங்கல வார்த்தை கத்தினீர். பெண்கள் சங்கத்துக்கே கேட்டுடுச்சு."

"மன்னிச்சிருங்க ஐயா. பயத்துல வந்துருச்சு."

"என்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன புண்ணியம்? அதுகிட்ட கேளும்." குவியலைக் காட்டினார். "அதோட கடைசி நேரத்துல கேட்ட வார்த்தை அதுதானே!"

தொமேகிச்சி செங்கல் குவியலின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

புகைபோக்கி மணியாய்ச் சிதறியதாக மறுநாள் மலைமேலிருந்து அறிவிப்பு வந்தது. கடமையில் சிதறியவர்களுக்கு இரண்டு படி பதவி உயர்வு தருவது வழக்கம். புகைபோக்கிக்கு அதுவரை பதவியே இல்லாததால் முதலில் அதைச் சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டு அப்புறம் இரண்டு படி உயர்த்தினார்கள். வெள்ளைத் துணி சுற்றிய மரப்பெட்டி ஒன்றில் ஒரு செங்கல்லை வைத்து, துணியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி முடிந்து, தொமேகிச்சியிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதை மார்பில் ஏந்தித் தெருவில் நடந்தபோது ஓரியே வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட நடந்தாள். பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்ததும் இதே மாதிரிப் பெட்டிதாண்ணே" என்றாள். "அதுவும் இப்படித்தான் கனமா இருந்துது."

இருவரும் தெருமுனை வரை சேர்ந்து நடந்தார்கள்.

ஆகஸ்டில் ஒருநாள் ஊரையே மலைமேல் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து வானொலிப் பெட்டியை வைத்திருந்தார்கள். மாமன்னரே பேசப்போகிறார் என்றார்கள். அவர் குரலை அதுவரை ஊரில் எவரும் கேட்டதில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. சில்வண்டுகள் ஓயாமல் கத்தின. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

பெட்டியிலிருந்து முதலில் இரைச்சல் வந்தது. அதன் நடுவே ஒரு மெல்லிய குரல், அரண்மனை மொழியில். உழவர்களுக்குப் புரியவில்லை, மீனவர்களுக்குப் புரியவில்லை, தீயணைப்புத் தலைவர் புரிந்ததுபோல் நின்றார். ஹிஷினுமா கண்ணை மூடிக்கொண்டு சொல்லழகில் லயித்திருந்தார். இன்னும் உறுதியாகப் போராடச் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

குரல் தொடர்ந்தது. போரின் நிலைமை நன்மையான திசையிலேயே திரும்பியிருப்பதாக அவசியம் சொல்லிவிட முடியாது, என்று ஏதோ வந்தது.

தொமேகிச்சி தலையை நிமிர்த்தினார். தன்னையறியாமல் ஃபூமியின் கையைப் பிடித்து இரண்டடி இழுத்துவிட்டார். எதன் கீழிருந்து இழுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மேலே வெறும் வானம்தான் இருந்தது.

"விழுந்துருச்சு" என்றார்.

"என்ன விழுந்துருச்சு?" என்றார் கான்ஸோ.

"எல்லாந்தான். தோத்துட்டோம்."

அந்தச் சொல்லை அந்த ஊரில் அத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கூட்டம் விலகி அவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டது. ஹிஷினுமா விரைந்து வந்தார்.

"எந்த வாயால சொல்றீர்? அரண்மனை மொழி உமக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்த வாக்கியம் தெரியும். என் புகைபோக்கிக்கு நீங்க எழுதிக் குடுத்தது அதுதானுங்களே. அதுக்கப்புறம் நடந்தது நீங்களும் பாத்தீங்களே ஐயா."

ஹிஷினுமா வாயைத் திறந்தார். திருத்த வேண்டிய சொல் எது என்று தேடினார். அவர் எழுதிய வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் மெதுவாக வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஓரியே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அண்ணே, உங்களுக்கு இதெல்லாம் புரியுது. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. என் பையன் மணியாச் சிதறினான்னாங்களே..."

பியூன் எங்கே நிற்கிறான் என்று தொமேகிச்சி பார்க்கவில்லை.

"செத்துட்டான் தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். அப்புறம் மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு, மகன் பெயரைச் சொல்லி அழுதாள். பெட்டி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை. ஷிமா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைத் திருத்த வரவில்லை.

இலையுதிர் காலத்தில் தொமேகிச்சி பழைய செங்கல்களைப் பொறுக்கிப் புதுப் புகைபோக்கி கட்டத் தொடங்கினார். இரண்டு படி உயர்ந்த செங்கல்லையும் பெட்டியிலிருந்து எடுத்து அடிவரிசையில் சாதாரணச் செங்கல்லாக வைத்துப் பூசினார். கிடங்கின் பின்னாலிருந்து இரும்புப் பட்டைகளைக் கான்ஸோ கைவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "போர்முனையிலேர்ந்து பசங்க திரும்பிட்டாங்க" என்றார். புகைபோக்கி இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை. அதுவரை அடுப்பு கிடையாது, பச்சைத் தண்ணீர்தான். உடம்பு அழுக்கைப் பொறுக்க முடியாதவர்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து குளித்துவிட்டுப் போனார்கள்.

குளிர் இறங்கிய ஒரு சாயங்காலம் ஹிஷினுமா வந்தார், புதுத் தொப்பியோடு. மலைமேல் அலுவலகம் அப்படியேதான் இருந்தது. பெயர்ப்பலகையில் மட்டும் நல்லுறவு அலுவலகம் என்று எழுதியிருந்தது.

"தொமேகிச்சி, ஒண்ணு ஞாபகம் வச்சுக்கும். அன்னிக்கு நீர் மைதானத்துல ஒரு வார்த்த சொன்னீரே, அது வேணாம். நாம தோக்கல, போர் முடிஞ்சுது. வந்திருக்கற அமெரிக்கப் படை நம்மளப் புடிச்சுக்கல, வந்து தங்கியிருக்கு. சரியா?"

"சரிங்க ஐயா."

"எல்லாருக்கும் எடுத்துச் சொல்லணும். நெறைய வேலை. உடம்பெல்லாம் அலுப்பு." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தண்ணி எப்படி இருக்கு?"

உயரமான இருக்கையில் இருந்தபடி தொமேகிச்சி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். ஃபூமி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தொமேகிச்சி கைகளைத் தொடையில் ஒட்டிக் குனிந்தார்.

"ஐயா, தண்ணீரின் நிலைமை நன்மையான திசையிலேயே திரும்பியிருப்பதாக அவசியம் சொல்லிவிட முடியாதுங்க."

ஹிஷினுமாவின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! மறக்கவே இல்லையே நீர்! உம்மை மாதிரி பத்துப் பேர் இருந்தா இந்த தேசம் பிழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உடையை மடித்து வைக்கும் ஓசை கேட்டது. மர வாளியை நிரப்பும் ஓசை கேட்டது. செய்யுள் ஒன்றை முணுமுணுப்பது கேட்டது. பிறகு வாளித் தண்ணீர் முழுவதையும் ஒரே வீச்சில் தலையில் கவிழ்க்கும் ஓசை.

"ஐயோ! செத்தேன்! பனிக்கட்டிடா! அடப்பாவி, ஏமாத்திட்டான்! குளுருதே! தாங்கலியே!"

சுவரொட்டி எழுதிய கை ஃபூமிக்குப் பரபரத்தது. "அப்பா, எத்தன அமங்கலம்! போய்த் திருத்திட்டு வரவா?"

"வேணாம்மா" என்றார் தொமேகிச்சி, காசுப் பெட்டியை மூடிக்கொண்டே. "ஐயா இப்பத்தான் முதல் தடவையா மனுஷன் மாதிரி பேசறாரு. பேசட்டும்."